குழந்தையின் பல் சிகிச்சையும் பெற்றோரின் இடமும்

ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கடைவாயில் சொத்தை, இரவெல்லாம் தூங்கவில்லை. அம்மா ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, பெயரைக் கூப்பிட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகிறாள். நாற்காலியில் உட்காரவைத்த பிறகு அவள் அங்கேயே நிற்கலாமா, வெளியே போய்விட வேண்டுமா? கடலூரிலும் சிதம்பரத்திலும், பொதுவாகத் தமிழ்நாடு முழுக்கவே, இதற்கு எழுதி ஒட்டிய விடையைக் காண்பது அரிது. அன்றைக்கு அந்த நாற்காலியைக் கவனிக்கும் மருத்துவரின் பழக்கம்தான் விதி. ஒருவர் "நீங்களும் பக்கத்துல நில்லுங்கம்மா" என்பார். அடுத்தவர் "அட்டெண்டர் எல்லாம் வெளியே இருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்பார். இரண்டுமே நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவைதான். ஆனால் உள்ளே நடக்கப்போவது ஊசியும் பல் குடையும் ஏரோட்டார் கருவியின் சத்தமும் இரத்தமும் கலந்த ஒரு காரியம். குழந்தை அதைத் தனியாகச் சந்திப்பதா, துணையோடு சந்திப்பதா என்பதைத் தற்செயலுக்கு விட்டுவிடக் கூடாது. உடனிருப்பதே இயல்பான நிலையாக இருக்க வேண்டும்; வெளியே அனுப்புவதென்றால் அதற்குத்தான் காரணம் காட்டியாக வேண்டும். இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எதிர்த்தரப்பில் வலுவான வாதங்கள் இருக்கின்றன. அவற்றைத் தட்டிக்கழித்துவிட்டு இந்த முடிவுக்கு வர முடியாது.

இந்தக் கேள்வியை இவ்விரு ஊர்களை வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலைநகரில் 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நிர்வாகம் அரசின் கைக்கு வந்தது. கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய நெடிய போராட்டத்தை அடுத்து, 2021இல் அங்கிருந்த மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் மாநில சுகாதாரத் துறையின் கீழ் கொண்டுவரப்பட்டன. இன்று அது கடலூர் மாவட்டத்தின் அரசு பல் மருத்துவக் கல்லூரி. புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோயில், கொள்ளிடம் தாண்டிச் சீர்காழிப் பக்கத்து மக்களுக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு அரசுத் தலைமை மருத்துவமனையும், மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பகுதிகளின் தனியார் கிளினிக்குகளும் இருக்கின்றன. ஆக, மாணவர்கள் பயிலும் பெரிய கூடம், அரசு மருத்துவமனையின் நெரிசலான பல் பிரிவு, ஒற்றை நாற்காலி போட்ட கிளினிக் ஆகிய மூன்று விதமான இடங்களும் ஒரே மாவட்டத்தில், நாற்பத்தைந்து கிலோமீட்டர் இடைவெளிக்குள் கிடைக்கின்றன. எந்த விதியைச் சொன்னாலும் அது இம்மூன்றிலும் செல்லுபடியாகுமா என்று சோதித்துப் பார்க்கலாம்.

பிரச்சினையின் அளவும் சிறியதல்ல. இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் 2002–03இல் நடத்திய தேசிய ஆய்வின்படி ஐந்து வயதுக் குழந்தைகளில் 51.9 சதவீதத்தினருக்கும், பன்னிரண்டு வயதினரில் 53.8 சதவீதத்தினருக்கும் பற்சொத்தை இருந்தது. சிதம்பரத்துப் பள்ளிகளில் 5 முதல் 15 வயது வரையிலான குழந்தைகளைப் பரிசோதித்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில் ஐந்தில் மூவருக்கு மேல் சொத்தைப் பல் காணப்பட்டது. சொத்தை உள்ள எல்லாக் குழந்தைகளும் மருத்துவரிடம் போவதில்லை என்பது வேறு துயரம். போகிற குழந்தைகளும் பெரும்பாலும் வலி தாங்காமல்தான் போகிறார்கள். பரிசோதனைக்காகப் போகிறவர்கள் சொற்பம். முதல் சந்திப்பே ஊசியோடும் குறடோடும் நடந்துவிடுகிறது. பல் மருத்துவர் என்றால் யார், அந்த நாற்காலி ஏன் சாய்கிறது, வாய்க்குள் ஏன் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள் என்று நிதானமாக அறிமுகம் செய்துவைக்க வாய்ப்பே இல்லாத சந்திப்பு அது. 1959இல் அமெரிக்கரான அடெல்ஸ்டன் வகுத்த "சொல், காட்டு, செய்" என்ற முறையை உலகெங்கும் குழந்தைகள் பல் மருத்துவத்தில் கற்பிக்கிறார்கள்: முதலில் கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும், பிறகு காட்ட வேண்டும், அதன் பிறகே பயன்படுத்த வேண்டும். வீங்கிய கன்னத்தோடு வரும் குழந்தையிடம் அந்த மூன்று படிகளுக்கும் பொறுமை இருப்பதில்லை. வரிசை நீண்டால் மருத்துவருக்கும் நேரம் இருப்பதில்லை. அறிமுகமில்லாத இடத்தில் அறிமுகமான ஒரே முகம் அம்மாவுடையதாகவோ ஆயாவுடையதாகவோ இருக்கும்போது, அந்த முகத்தையும் அகற்றுவது சின்ன முடிவல்ல.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இரு தரப்பாரும் அவற்றைத் தமக்குச் சாதகமாகவே எடுத்தாள்கிறார்கள். பல் மருத்துவ மாணவர் அனைவருக்கும் தெரிந்த ஃபிராங்கல் அளவுகோல் ஒன்று உண்டு. நாற்காலியில் குழந்தை நடந்துகொள்ளும் விதத்தை, முற்றிலும் மறுப்பது முதல் முழுமையாக ஒத்துழைப்பது வரை, நான்கு படிகளாகப் பிரித்துக் குறிக்கும் அளவுகோல் அது. அது பிறந்ததே இந்தக் கேள்விக்கு விடை தேடத்தான் என்பது பலருக்கு நினைவிருப்பதில்லை. குழந்தையோடு பெற்றோர் சிகிச்சை அறையில் இருக்கலாமா என்ற தலைப்பிலேயே ஃபிராங்கலும் அவருடைய சகாக்களும் 1962இல் கட்டுரை வெளியிட்டார்கள். பள்ளி வயதை எட்டாத குழந்தைகளில் ஒரு பாதியினரின் தாயை உள்ளே இருக்கவிட்டும் மறுபாதியினரின் தாயை வெளியே இருத்தியும் ஒப்பிட்டார்கள். ஏறத்தாழ மூன்றரை வயதிலிருந்து நான்கு வயது வரையிலான குழந்தைகள் தாய் அருகில் இருந்தபோது நன்றாக ஒத்துழைத்தார்கள். அதற்கு மேற்பட்ட வயதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. பிறகு 1970களின் இறுதியில் வென்ஹமும் அவருடைய சகாக்களும் இதயத் துடிப்பு முதலியவற்றையும் அளந்து பார்த்தார்கள். 1982இல் இன்னொரு குழு பாலர் வயதுக் குழந்தைகளைக் கவனித்தது. இவற்றிலும் தாய் இருந்ததால் பெரிய மாற்றம் எதுவும் புலப்படவில்லை.

"பார்த்தீர்களா, அம்மா நிற்பதால் லாபம் ஒன்றுமில்லை" என்று இந்த முடிவுகளைக் காட்டிக் கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தில் ஒரு வழுக்கல் இருக்கிறது. வேறுபாடு தெரியவில்லை என்றால், உடனிருப்பதால் நடத்தை கெடவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். அம்மா நின்றால் பிள்ளை அடம்பிடிக்கும், வேலை நடக்காது என்பதுதானே வெளியே அனுப்புவதற்குச் சொல்லப்படும் முதல் காரணம்? அந்தக் காரணத்தை இந்த ஆய்வுகள் தாங்கிப் பிடிக்கவில்லை. தன்னுடைய பிள்ளையோடு இருக்க விரும்பும் தாயைத் தடுப்பதற்கு, "இருந்தால் கெடுதல்" என்பதற்கு ஆதாரம் வேண்டும். "இருந்தால் நன்மை என்று நிரூபியுங்கள்" என்று அவளிடம் கேட்பது சுமையைத் தலைமாற்றி வைப்பதாகும். தகப்பனோ தாயோ பக்கத்தில் இருப்பது குழந்தையின் அன்றாட நிலை. பிரிப்பதுதான் புதிதாகச் செய்யப்படும் காரியம். மருத்துவத்தில் புதிதாக ஒன்றைச் செய்கிறவர்தான் அதன் பலனைக் காட்டக் கடமைப்பட்டவர்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஃபிராங்கல் அளவுகோல் எதை அளக்கிறது? குழந்தை வாயைத் திறந்ததா, கையைத் தட்டிவிட்டதா, சொன்னதைக் கேட்டதா என்பதை. அதாவது மருத்துவரின் வேலை எவ்வளவு எளிதாக நடந்தது என்பதை. குழந்தையின் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை அது முழுமையாகச் சொல்லாது. பயத்தில் உறைந்துபோய் அசையாமல் கிடக்கும் பிள்ளையும், தைரியமாக வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ஒரே படியில் மதிப்பெண் வாங்கிவிடக்கூடும். அம்மாவைப் பார்த்ததும் சிணுங்கும் பிள்ளை கீழ்ப்படிக்குப் போய்விடக்கூடும். ஆனால் அழக்கூடிய இடத்தில் அழ முடிகிற பிள்ளை, அழுகையை விழுங்கிய பிள்ளையைவிட மோசமான நிலையில் இருக்கிறது என்று யார் சொல்வது? பெரியவர்களில் பலர் பல் வலியோடு மாதக்கணக்கில் கிராம்பு வைத்துக்கொண்டு காலம் கடத்துகிறார்கள். அந்த அச்சத்தின் வேர் பல நேரங்களில் சிறுவயதுச் சிகிச்சையில் இருக்கிறது என்பதைப் பல் மருத்துவர்களே ஒப்புக்கொள்வார்கள். ஆகவே அன்றைய பத்து நிமிடம் எப்படிப் போனது என்பதோடு கணக்கை முடித்துவிடக் கூடாது. ஆறு மாதம் கழித்து அந்தக் குழந்தை மறுபடி வருமா என்பதும் சிகிச்சையின் வெற்றியில் அடங்கியதே.

மருத்துவர்கள் சொல்லும் அடுத்த காரணம் இதைவிடக் கனமானது: பயந்த தாய் பிள்ளையையும் பயமுறுத்துகிறாள். இதற்கு ஆதாரம் உண்டு. 1968இல் ஜான்சனும் பால்ட்வினும் பல் பிடுங்க வந்த குழந்தைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், பதற்றம் மிகுந்த தாய்மாரின் பிள்ளைகள் அதிகம் முரண்டு பிடித்ததைக் கண்டார்கள். பெற்றோரின் பல் சிகிச்சை அச்சத்துக்கும் பிள்ளைகளின் அச்சத்துக்கும், குறிப்பாக எட்டு வயதுக்கு உட்பட்டவர்களிடம், தொடர்பு இருப்பதைப் பின்னால் வந்த தொகுப்பாய்வும் உறுதிப்படுத்தியது. நாற்காலி அருகே நடப்பதும் எல்லோருக்கும் தெரிந்ததே. மருத்துவர் "வாயை ஆ காட்டு கண்ணு" என்றதும், "ஆ காட்டுடா, டாக்டர் சொல்றாங்கல்ல, ஆ காட்டு" என்று அம்மா ஒரு பக்கம், ஆயா ஒரு பக்கம். பிள்ளை யார் குரலைக் கேட்பது? "ஊசியெல்லாம் போட மாட்டாங்க" என்று பொய்வாக்குக் கொடுப்பவர்களும், "அழுதா பெரிய ஊசியா போடச் சொல்லுவேன்" என்று மிரட்டுபவர்களும் உண்டு. இரண்டும் மருத்துவரின் உழைப்பைக் கெடுக்கின்றன. இதைச் சொல்லும் மருத்துவர் மிகைப்படுத்தவில்லை.

ஆனால் இந்த ஆதாரம் கதவைச் சாத்தச் சொல்கிறதா? தாயின் பயம் நாற்காலி அருகே வந்த பிறகு பிறப்பதில்லை. சோறு ஊட்டும்போதும், சேட்டை செய்யும்போதும் "டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசி போட்டுருவேன்" என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பயம் அது. அவளைக் கதவுக்கு வெளியே நிறுத்தினாலும் பயம் பிள்ளையோடு உள்ளே வந்துவிடுகிறது. அதைத் தணிக்கக்கூடிய ஆள் மட்டும் வெளியே நின்றுவிடுகிறாள். எனவே வழி, தாய்க்குச் சொல்லிக்கொடுப்பதுதான். சொல்ல வேண்டியது அதிகமில்லை. பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்படி கால்பக்கம் ஸ்டூலில் உட்காருங்கள், கையையோ காலையோ தொட்டுக்கொண்டிருங்கள், மருத்துவர் பேசும்போது பேசாதீர்கள், ஊசி, வலி, இரத்தம் என்ற சொற்களை எடுக்காதீர்கள், பொய் சொல்லாதீர்கள், தலை சுற்றினால் சொல்லிவிட்டு வெளியே போங்கள். வரிசையில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில் இதை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். இப்படிச் சொல்லப்பட்ட பெற்றோரும் சொல்லப்படாத பெற்றோரும் ஒன்றல்ல. எந்தத் தயாரிப்பும் இல்லாமல் திடீரென்று உள்ளே அழைக்கப்பட்ட தாய் தடுமாறுவதைக் காட்டி, தாய்மாரே ஆகாது என்று முடிவுகட்டுவது நியாயமில்லை.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் இந்த விவாதமே எழாது. மருத்துவரும் தாயும் முழங்காலோடு முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, குழந்தையின் கால்கள் தாயின் இடுப்பைச் சுற்றியிருக்க, தலையை மருத்துவரின் மடியில் சாய்த்து வாயைப் பார்ப்பதுதான் நூல்கள் சொல்லும் முறை. அங்கே தாய்தான் நாற்காலி. எக்ஸ்ரே எடுக்கும்போது குழந்தையைப் பிடித்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டால், அது ஊழியராக இருக்கக் கூடாது, உடன்வந்த வயதுவந்த உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. ஈயக் கவச உடையை அவருக்கு அணிவிக்க வேண்டும். வேலைக்கு உதவியாக இருக்கும்போது உள்ளே அழைக்கப்படுகிற தாய், குழந்தைக்கு மட்டும் உதவியாக இருக்கும் நேரத்தில் வெளியே அனுப்பப்படுகிறாள் என்றால், முடிவு எடுக்கப்படுவது யாருடைய வசதிக்காக என்பது விளங்கும்.

வெளியே அனுப்புவதையே ஓர் உத்தியாகப் பயன்படுத்துவதும் உண்டு. 2005இல் கிரேக்க ஆய்வாளர்கள் இதை முறைப்படுத்தி எழுதினார்கள். தாய் முதலில் உள்ளே இருப்பாள். பிள்ளை ஒத்துழைக்க மறுத்தால் வெளியே அனுப்பப்படுவாள். ஒத்துழைத்ததும் திரும்ப அழைக்கப்படுவாள். பல குழந்தைகளிடம் இது பலித்தது என்கிறார்கள். நம் ஊரில் முறைப்படுத்தாமலே இது பழகிவந்ததுதான்: "சத்தம் போட்டா அம்மாவை வெளிய அனுப்பிருவேன்." பலிக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பயமுறுத்தல் பலிப்பதில் வியப்பில்லை. குழந்தையின் வாயைக் கையால் பொத்தி அழுகையை அடக்கும் முறையும் ஒரு காலத்தில் பலிக்கிறது என்றே பாடநூல்களில் இடம்பெற்றிருந்தது. அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவக் கழகம் 2006இல்தான் அதைத் தன் வழிகாட்டு நெறிகளிலிருந்து நீக்கியது. குழந்தையின் ஒரே ஆறுதலைப் பிணையாக வைத்து ஒத்துழைப்பு வாங்குவதும் அதே வரிசையில் வருவதுதான், அதைவிட மென்மையாக இருந்தாலும். விதிவிலக்கான ஒரு குழந்தைக்கு, தாயிடம் முன்கூட்டியே விளக்கி, அவள் சம்மதத்தோடு சில நிமிடங்கள் இதைச் செய்வதை ஏற்கலாம். நாள்தோறும் எல்லோரிடமும் செய்யும் வழக்கமாக அதை ஏற்க முடியாது.

மருத்துவ உலகம் இந்தக் கேள்வியைப் பல் பிரிவுக்கு வெளியே ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. பிரிட்டனில் ஒரு காலத்தில் மருத்துவமனையில் சேர்த்த குழந்தையைப் பெற்றோர் பார்ப்பதற்கே கடுமையான கட்டுப்பாடு இருந்தது. அம்மா வந்துபோனால் பிள்ளை அழுகிறது, வராவிட்டால் அமைதியாக இருக்கிறது என்பதே காரணம். ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952இல் எடுத்த படம், மருத்துவமனையில் எட்டு நாள் இருந்த இரண்டு வயதுக் குழந்தையைத் தொடர்ந்து காட்டி, அந்த அமைதி நலத்தின் அடையாளமல்ல, நம்பிக்கை இழந்ததன் அடையாளம் என்பதைப் புரியவைத்தது. 1959இல் பிளாட் குழுவின் அறிக்கை பெற்றோர் தடையின்றி வந்துபோக வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1988இல் ஐரோப்பிய நாடுகளின் அமைப்புகள் லெய்டனில் கூடி, மருத்துவமனையில் உள்ள குழந்தைக்கு எல்லா நேரமும் பெற்றோர் உடனிருக்கும் உரிமை உண்டு என்று எழுதின. நம் நாட்டில் இந்தப் போராட்டத்துக்குத் தேவையே இருக்கவில்லை. அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டில் கட்டிலின் மேல் பிள்ளையும் பக்கத்தில் அம்மாவும் படுத்திருப்பதுதான் நம் வழக்கம். குளுக்கோஸ் ஏறும்போது கையைப் பிடித்துக்கொண்டிருப்பவளும் அவள்தான். வார்டில் இயல்பாக இருக்கும் ஒன்று பல் நாற்காலி அருகே மட்டும் இடைஞ்சலாகிவிடுவதற்கு மருத்துவக் காரணம் ஒன்றும் இல்லை.

தமிழ்நாட்டிலேயே இதைவிட நெருக்கமான முன்னுதாரணம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவர் துணையாக இருக்க அனுமதிக்கும் திட்டத்தை மாநில அரசு 2004இல் கொண்டுவந்தது. பிரசவ அறையைவிடக் கிருமித்தொற்று அச்சமும், இட நெருக்கடியும், மற்ற நோயாளிகளின் அந்தரங்கம் பற்றிய கவலையும் அதிகமான இடம் வேறு எது? வலியில் துடிக்கும் மகளைப் பார்த்து அம்மா பதறிவிடுவாள் என்ற வாதத்துக்கும் அங்கே இடமிருந்தது. இருந்தும், துணை ஒருவர் மட்டும், பெண்ணாக இருக்க வேண்டும், சொன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்ற எளிய நிபந்தனைகளோடு அரசு அதை அனுமதித்தது. உலக சுகாதார நிறுவனமும் பிரசவத் துணையைப் பரிந்துரைக்கிறது. ஒரு தாய்க்குக் கொடுத்த துணையை ஒரு குழந்தைக்கும் கொடுக்கலாம். அதற்கான நிர்வாக அறிவு இங்கேயே இருக்கிறது.

சட்டத்தின் பக்கம் பார்த்தால், பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் சம்மதம் குற்றவியல் சட்டத்தின் கண்ணில் சம்மதமே ஆகாது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொன்னதை 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 28ஆம் பிரிவு சொல்கிறது. பாதுகாவலர்தான் சம்மதம் தர வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம், சம்மதம் என்பது சிகிச்சையின் தன்மையும் மாற்று வழிகளும் விளக்கப்பட்ட பிறகு தரப்படுவது என்றும், ஒன்றுக்குப் பெற்ற சம்மதம் மற்றொன்றுக்கு ஆகாது என்றும் தெளிவுபடுத்தியது. பல் சிகிச்சையில் இது நாள்தோறும் எழும் விஷயம். அடைத்துவிடலாம் என்று நினைத்துத் தோண்டிய பல்லில் சொத்தை நரம்புவரை போயிருக்கும். வேர் சிகிச்சை செய்வதா, பிடுங்கிவிடுவதா என்று அங்கேயே தீர்மானிக்க வேண்டியிருக்கும். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் ஓட்டையைக் காட்டிக் கேட்டுவிடலாம். வெளியே இருந்தால் ஆள் அனுப்ப வேண்டும், அல்லது கேட்காமலே செய்துவிட நேரும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 27ஆம் பிரிவு, அத்தகைய வழக்கில் குழந்தையை மருத்துவர் பரிசோதிக்கும்போது பெற்றோரோ குழந்தை நம்பும் வேறொருவரோ உடனிருக்க வேண்டும் என்கிறது. அது வேறு சூழலுக்கான விதிதான்; ஆனால் வெள்ளை அங்கி அணிந்த அந்நியர் முன் குழந்தைக்குத் துணை தேவை என்ற அறிவு அதில் பதிவாகியிருக்கிறது.

சம்மதத்தோடு சேர்ந்தது சாட்சியம். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கு அரசுக் காப்பீட்டில் சிகிச்சை அளித்துவந்த ஸ்மால் ஸ்மைல்ஸ் கிளினிக்குகளின் நிர்வாக நிறுவனம், தேவையில்லாத வேர் சிகிச்சைகளும் உலோக உறைகளும் செய்ததான குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்ள 2010இல் 2 கோடியே 40 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. சிகிச்சை அறைக்குள் பெற்றோரை விடுவதில்லை என்பது அந்தக் கிளினிக்குகளைப் பற்றி எழுந்த புகார்களில் ஒன்று. நம் ஊர் மருத்துவர்களை அந்த வரிசையில் வைப்பது என் நோக்கமல்ல. பெரும்பாலானோர் நேர்மையாக, குறைந்த கட்டணத்தில் உழைப்பவர்கள். அவர்களுக்கே பெற்றோரின் பார்வை பாதுகாப்பு. எவ்வளவு பொறுமையாகச் சமாதானம் செய்தார்கள், பிள்ளை எப்படித் திமிறியது, உதடு ஏன் வீங்கியது என்பதைக் கண்ணால் பார்த்த தாய் மறுநாள் சந்தேகத்தோடு வந்து நிற்க மாட்டாள். மரத்துப்போன உதட்டைப் பிள்ளை கடித்துப் புண்ணாக்கிக்கொள்வது பல் ஊசிக்குப் பிறகு அடிக்கடி நடப்பது. அதைத் தடுக்க வேண்டியவளும் அவளே. அருகில் நின்று கேட்ட எச்சரிக்கை மனதில் நிற்கும்.

பயிற்சி மருத்துவமனையைப் பற்றிய ஆட்சேபம் தனியாகக் கவனிக்கத்தக்கது. அண்ணாமலைநகர் போன்ற இடத்தில் குழந்தையின் வாயில் கை வைப்பவர் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவரோ ஹவுஸ் சர்ஜனோதான். கை இன்னும் பழகவில்லை. பக்கத்தில் பெற்றவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தால் நடுங்கும். பேராசிரியர் தவறைத் திருத்தினால் பெற்றோர் அதைக் கேட்டுவிடுவார்கள். இந்தச் சங்கடம் உண்மையானது. அதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் அது எதிர்த்திசையில்தான் இட்டுச்செல்கிறது என்று நினைக்கிறேன். படித்து முடித்துப் பண்ருட்டியிலோ விருத்தாசலத்திலோ கிளினிக் வைக்கப்போகும் இளைஞர், பெற்றோரைச் சமாளிக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் கல்லூரிதான். குழந்தை, பெற்றோர், மருத்துவர் என்ற மூவரும் சேர்ந்த முக்கோணமாகத்தான் ஜெரால்ட் ரைட் 1970களிலேயே குழந்தைகள் பல் மருத்துவத்தை வரைந்து காட்டினார். இரண்டு முனையை மட்டும் வைத்துப் பயின்றவருக்கு மூன்றாவது முனை என்றும் அந்நியமாகவே இருக்கும். பெற்றோருக்கோ, மாணவர் செய்கிறார், மேலே பேராசிரியர் கவனிக்கிறார் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பிறகு அதிர்ச்சி இருக்காது. நமது மக்கள் இதைப் புரிந்துகொள்ளாதவர்கள் அல்லர்.

இடமும் தொற்றும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏரோட்டார் ஓடும்போது எச்சிலும் நீரும் நுண்துளிகளாகப் பறக்கும் என்பதைக் கொரோனா காலம் எல்லோருக்கும் கற்பித்தது. ஒரு குழந்தைக்கு ஒருவர், முகக்கவசம், கால்பக்கம் ஸ்டூல் என்று வைத்தால் போதும். தாத்தா, பாட்டி, அத்தை என ஐந்து பேர் சூழ்ந்து நிற்பதை யாரும் கேட்கவில்லை. முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் தியேட்டரில் செய்யும் சிகிச்சை வேறு. அங்கே மயக்கம் வரும்வரையும் விழிக்கும்போதும் துணை தேவை, நடுவில் தேவையில்லை.

என்னை அதிகம் யோசிக்கவைப்பது ஏழ்மை பற்றிய ஆட்சேபம். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவருக்கும், கடலூர் துறைமுகத்தில் மீன் கூடை தூக்குகிறவருக்கும், பண்ருட்டியில் முந்திரி உடைக்கிறவருக்கும் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நின்றால் ஒரு நாள் கூலி போகிறது. அப்பா சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். அம்மா வேலைக்குப் போவாள். பிள்ளையைக் கூட்டிவருவது ஆயாவோ சித்தியோ பக்கத்து வீட்டு அக்காவோ. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழுக்கள் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பரிசோதிக்கின்றன. அவை கண்டறிகிற நோய்களில் பற்சொத்தையும் ஒன்று. அங்கே குழந்தையோடு இருப்பவர் ஆசிரியர். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு வார்டன். பெற்றோர் உடனிருப்பதைக் கட்டாயமாக்கினால் இந்தக் குழந்தைகள் சிகிச்சையே இல்லாமல் திரும்பிப் போவார்கள். அது இப்போதைய நிலையைவிட மோசம். ஆகவே நான் கேட்பது குழந்தையின் உரிமையாக இருக்கும் ஒன்றை. பெற்றோரின் தலையில் சுமத்தும் நிபந்தனையை அல்ல. உடனிருப்பவர் பெற்றவராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. குழந்தை நம்பும் ஒருவர் போதும். சம்மதத்தைத் தொலைபேசியிலோ முந்தைய வருகையிலோ பெற்றோரிடமிருந்து வாங்கிவிட்டு, ஸ்டூலில் ஆயாவை உட்காரவைக்கலாம். ஒரு பல்லுக்கு நான்கு முறை வரவழைப்பதற்குப் பதில், முடிந்தவரை ஒரே வருகையில் அதிகம் செய்துவிடுவதும் உடனிருப்பதைச் சாத்தியமாக்கும். கூலிவேலைக்காரருக்கு அது பெரிய உதவி.

வயது ஏற ஏற முடிவு குழந்தையின் பக்கம் சாய வேண்டும். 1992இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்துக்கு வயதுக்கேற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது. எட்டு, ஒன்பது வயதில் "அம்மா இருக்கட்டுமா, வெளிய உக்காரட்டுமா?" என்று பிள்ளையிடமே கேட்கலாம். பதின்மூன்று வயதுப் பையனுக்கு அம்மா பார்த்துக்கொண்டிருப்பதே கூச்சமாக இருக்கலாம். புகையிலை, பாக்கு பற்றி மருத்துவர் கேட்கும்போது அப்பா பக்கத்தில் இருந்தால் உண்மை வராது. அப்போது தனியே பேச நேரம் ஒதுக்க வேண்டும். பிள்ளையை அடிக்கிற, மருத்துவர் மேல் பாய்கிற, சொன்னதைக் கேட்காத பெற்றோரை வெளியே போகச் சொல்ல மருத்துவருக்கு உரிமை வேண்டும். ஆனால் அப்போதும் பிள்ளைக்குக் காரணம் சொல்லி, வேறு உறவினர் இருந்தால் அவரை அழைத்து, கதவைத் திறந்துவைத்துச் செய்ய வேண்டும்.

இதையெல்லாம் நடைமுறைப்படுத்தச் செலவு அதிகமில்லை. அண்ணாமலைநகர்க் கல்லூரி 2021 முதல் மாநிலச் சுகாதாரத் துறையின் பொறுப்பில் இருப்பதால், கடலூர் தலைமை மருத்துவமனைக்கும் அதற்கும் ஒரே அலுவலகம் ஒரே சுற்றறிக்கை அனுப்ப முடியும். குழந்தையோடு ஒருவர் நாற்காலி அருகே இருக்கலாம் என்ற வரியும், இருப்பவர் செய்ய வேண்டியவையும் செய்யக் கூடாதவையும் ஓ.பி. சீட்டு தரும் இடத்தில் தமிழில் எழுதித் தொங்க வேண்டும். வெளியே அனுப்பினால் அதற்கான காரணத்தை நோயாளிக் குறிப்பில் ஒரு வரி எழுத வேண்டும் என்ற விதியும் அதில் சேர வேண்டும். எழுத வேண்டியிருக்கிறது என்றாலே தேவையில்லாமல் அனுப்புவது குறைந்துவிடும். ஓராண்டு கழித்து அந்த வரிகளை எடுத்துப் பார்த்தால், எந்த வயதில், எந்தச் சிகிச்சையில், எவ்வளவு அடிக்கடி, எதற்காகப் பெற்றோர் வெளியே அனுப்பப்படுகிறார்கள் என்பதை நம் மாவட்டத்துக் குழந்தைகளைக் கொண்டே அறியலாம். ஃபிராங்கல் 1962இல் எழுப்பிய கேள்விக்குச் சிதம்பரத்து மாணவர்கள் தங்கள் கையாலேயே தரவு திரட்ட, அங்கே நாற்காலிகளும் இருக்கின்றன, குழந்தைகளும் வந்துகொண்டிருக்கிறார்கள்.